பிழை காலில் இல்லை

"போடப் போடச் சரிவரும்."

பாதணிக் கடைகளில் பெண்களிடம் சொல்லப்படும் வாசகங்களுள் இதைவிட இலாபம் ஈட்டிக் கொடுத்தது வேறொன்று இருக்க முடியாது என்பது எனது துணிபு. கெண்டைக்காலை மூடி உயர்ந்து நிற்பதும், ஒடுங்கிய முனையும் சாய்ந்த குதியும் கொண்டதுமான, கௌபோய் பூட்ஸ் என்றும் வெஸ்டர்ன் பூட்ஸ் என்றும் அழைக்கப்படும் தோல் சப்பாத்துகளை விற்கும் கடைகளிலோ இவ்வாசகம் மந்திரம் போல ஓதப்படுகிறது. கடையிலேயே கடிக்கும் சப்பாத்தைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, மாதக்கணக்கில் கொப்புளங்களுடன் நடந்து, ஈற்றில் அதனை அலுமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டுத் தன் காலையே நொந்துகொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். அந்த வாசகத்தில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்பதையும், அந்தப் பொய் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்வதே இப்பத்தியின் நோக்கம்.

இப்போது இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1980 ஆம் ஆண்டில் ஜோன் ட்ரவோல்டா நடித்த 'ஏர்பன் கௌபோய்' திரைப்படம் வெளியானபோது அமெரிக்க நகரங்களில் கௌபோய் மோகம் ஒன்று எழுந்து அடங்கியது. 2024 மார்ச் மாதத்தில் பியொன்சேயின் 'கௌபோய் காட்டர்' இசைத்தொகுப்பு வெளியானதோடு அம்மோகம் மீண்டும் மூண்டது. இம்முறை அதில் முன்னிற்போர் பெண்கள். ஹூஸ்டனிலும் கல்கரியிலும் வாழும் எமது பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். அத்தகைய வாசகியர் சிலர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தனர். "போரையும் அரசியலையும் எழுதிய பேனா சப்பாத்துக்கு இறங்கிவிட்டதோ?" என்று நண்பரொருவர் கேலி செய்தார். ஒரு வாசகத்தைக் கொண்டு ஒரு சாரார் ஏமாற்றப்படும் இடமெல்லாம் பத்திரிகையாளனுக்கு வேலையுள்ள இடமே என்பது அவருக்கு நான் அளித்த விடை.

குதிரைக்காகப் பிறந்த சப்பாத்து

முதலில் இச்சப்பாத்தின் பிறப்பைப் பார்ப்போம். 1865 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அதன் பின்னர் டெக்சாஸ் மாநிலத்தின் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கன்சாஸ் மாநிலத்தின் புகையிரத நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லும் தொழில் பெருகியது. 1867 இல் அபிலீன் நகரம் அத்தகைய முதலாவது பெருஞ்சந்தையாயிற்று. மெக்சிக்கோவின் வக்கேரோக்களிடமிருந்து இத்தொழிலைக் கற்ற கௌபோய்கள் நாள் முழுவதும் சேணத்தின் மேல் இருந்தவர்கள். அவர்களுக்கு வேண்டிய சப்பாத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. முனை ஒடுங்கியிருந்தால் பாதம் அங்கவடிக்குள் இலகுவாக நுழையும். குதி உயர்ந்திருந்தால் பாதம் அங்கவடியூடாக முன்னே வழுகிச் செல்லாது. நாடா இல்லாதிருந்தால், குதிரையிலிருந்து விழுபவனின் பாதம் சப்பாத்தைவிட்டுக் கழன்று வரும். இன்றேல் குதிரை அவனைத் தரையில் இழுத்தே கொன்றுவிடும். உயர்ந்த தோற்குழாய், முட்செடியிலிருந்தும் சேணத்தின் உராய்விலிருந்தும் காலைக் காக்கும். இன்று கடைகளில் காணும் ஊசிபோன்ற முனைக்கு மாத்திரம் அவ்வாறான தொழிற்காரணம் எதுவுமில்லை. அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி நாகரிகம்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த மனிதன் நடப்பதற்காக இச்சப்பாத்தை அணியவில்லை. அவனுக்காக நடந்தது குதிரை. அலுவலகத்துக்குப் புகையிரதத்தில் நின்றுகொண்டே சென்று, மாலையில் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து அழைத்து வந்து, வழியில் கடைக்கும் போய்வரும் ஒரு பெண்ணுக்குக் குதிரை இல்லை. ஆகவே அவளுக்கு வேண்டிய சௌகரியம் வேறு. இதனை அமெரிக்கர்களே உணர்ந்திருந்தனர். ரோடியோ விளையாட்டில் கன்றுக்குக் கயிறெறிந்த மறுகணமே குதிரையிலிருந்து குதித்து ஓட வேண்டியவர்களுக்காக, தட்டையான தாழ்ந்த குதியும் வட்ட முனையும் கொண்ட 'ரோப்பர்' என்ற வகை பின்னர் உருவாயிற்று. ஓடுபவனுக்கென்று வேறொரு சப்பாத்தைச் செய்யத் தெரிந்த தொழில் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடா வைத்த பெண்கள்

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இத்தொழிலின் வரலாற்றிலே பெண்களின் கை இருந்தது. 1879 இல் டெக்சாசின் ஸ்பானிஷ் ஃபோர்ட் என்ற சிற்றூரில் எச். ஜே. ஜஸ்டின் என்பவர் பூட்ஸ் தைக்கத் தொடங்கினார். 1889 இல் புகையிரதப் பாதையைத் தொடர்ந்து நொக்கோனா நகருக்குப் பெயர்ந்தார். தொலைதூரப் பண்ணைகளில் இருந்த கௌபோய்கள் கடைக்கு வராமலே தமது காலை நாடாவால் அளந்து தபாலில் அனுப்புவதற்கான அளவுப் பொதி ஒன்றை அவர் உருவாக்கியபோது அதில் அவரது மனைவி ஆனிக்கும் பங்கு இருந்தது. 1925 இல் அவர்களது புதல்வர்கள் தொழிலை ஃபோர்ட் வேர்த் நகருக்குக் கொண்டு சென்றனர். மகள் ஈனிட் ஜஸ்டின் உடன் செல்ல மறுத்தார். ஊரிலேயே தங்கிக் கடன் வாங்கி நொக்கோனா பூட் கொம்பனியைத் தொடங்கினார். அது பல்லாண்டு நிலைத்து நின்று, 1981 இல் ஜஸ்டின் நிறுவனத்தோடு சேர்ந்தது. 1999 இல் நொக்கோனாவின் தொழிற்சாலை மூடப்பட்டது. மறு ஆண்டு ஜஸ்டின் நிறுவனமே வாரன் பஃபெட்டின் பேர்க்ஷயர் ஹதவே கைக்குப் போயிற்று.

இந்தக் கதையை நான் சொல்வது சரித்திரப் பாடம் நடத்துவதற்கல்ல. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கும் ஒருவனின் பாதத்தை இடத்துக்கு இடம் நாடா வைத்து அளக்க முடிந்த தொழில் இது. அத்தொழில் இன்று, கடைக்குள்ளேயே வந்து கண்முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் பாதத்தை அளக்காமல், "எத்தனையாம் நம்பர்?" என்ற ஒரே கேள்வியுடன் பெட்டியைத் திறக்கிறது. இதற்கு இயலாமை காரணமல்ல. அளந்தால் அகலத்துக்கு அகலம் வேறு வேறு சப்பாத்துகள் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். களஞ்சியம் பணம். அந்தப் பணத்தை மிச்சப்படுத்துவதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிதான் "போடப் போடச் சரிவரும்" என்பது.

கல்கரியில் கேட்ட ஒரு வாசகம்

கல்கரி நகரில் ஆண்டுதோறும் யூலை மாதத்தில் ஸ்டம்பீட் எனப்படும் பத்து நாள் விழா நடைபெறுகிறது. 1912 இல் தொடங்கிய அவ்விழாக் காலத்தில் வங்கி ஊழியர்கூடக் கௌபோய் உடையில் வேலைக்குப் போவது அந்நகரின் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு சென்றிருந்தபோது எனது தம்பியின் மகள், அதாவது எனது பெறாமகள், அலுவலகத்துக்கு அணிவதற்காக பூட்ஸ் வாங்கச் சென்றாள். நானும் உடன் சென்றேன். கடையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நான்கு சோடிகள் வந்தன. நான்கும் பாதத்தின் இரு பக்கங்களையும் நெரித்தன. விற்பனையாளரோ புன்னகை மாறாமல் "தோல் தானே, இளகிவிடும்" என்றார். அகலமானது உண்டா என்று நான் கேட்டேன். "பெண்களுக்கு இதுதான் வரும்" என்றார். பிள்ளை என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "பெரியப்பா, என்ரை கால்தான் பிழை போல" என்றாள்.

அவ்வாசகம் என்னை உலுக்கிவிட்டது. பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த பெண் அவள். ஒரு பாலத்தின் அளவு பிழைத்தால் ஆற்றைக் குறை சொல்லமாட்டாள். சப்பாத்தின் அளவு பிழைத்ததும் தன் காலைக் குறை சொன்னாள். அன்று நாங்கள் எதையும் வாங்காமல் வெளியே வந்தோம். வேறொரு கடையில், ஆண்களின் பகுதியில், அவளது பாதத்துக்கு ஏற்ற ஒரு சோடி கிடைத்தது.

அவளது கால் பிழையானதல்ல என்பதற்கு ஆய்வுகளே சான்று. 1993 இல் அமெரிக்கப் பாத சத்திரசிகிச்சை நிபுணர்கள் 356 பெண்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி அவர்களுள் 88 சதவீதத்தினர் தமது பாதத்தைவிடச் சிறிய சப்பாத்தை அணிந்திருந்தனர். பெரும்பான்மையினருக்குப் பாத வலி இருந்தது. 2001 இல் வெளியான மற்றோர் ஆய்வு, பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தைச் சிறிதாக்கிய பிரதியன்று என்று நிறுவியது. உள்ளங்கால் வளைவு, பாதத்தின் வெளிப்பக்கம், பெருவிரல், பெருவிரலின் அடிமூட்டுப் பகுதி ஆகியவற்றின் வடிவமே வேறு. சப்பாத்து ஓர் அச்சின் மேல் வைத்துத்தான் தைக்கப்படுகிறது. ஆணுக்கான அச்சைச் சிறிதாக்கி, மேலும் ஒடுக்கி, அதன்மேல் பூவேலை செய்து பெண்ணிடம் நீட்டுவது வடிவமைப்பன்று, சோம்பல். போதாததற்கு, கர்ப்ப காலத்தில் பல பெண்களின் பாதம் நீண்டு வளைவு தாழ்கிறது என்றும், அம்மாற்றம் பின்னரும் நிலைத்துவிடுகிறது என்றும் 2013 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. திருமணத்துக்கு முன் அணிந்த அளவையே இரண்டு பிள்ளைகளுக்குப் பின்னும் கேட்டு வாங்கும் தாய்மார் இதனை அறிந்திருக்க வேண்டும்.

எது இளகும், எது இளகாது

விற்பனையாளரின் வாசகத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது. நல்ல தோல், அணிய அணிய அகலவாக்கில் சிறிதளவு இளகும். அடித்தோல் வளையப் பழகும். ஆனால் நீளம் ஒருபோதும் கூடாது. அச்சின் வடிவம் மாறாது. பாதத்தின் மிக அகன்ற இடமான பெருவிரலின் அடிமூட்டு, சப்பாத்தின் மிக அகன்ற இடத்திலே அமர வேண்டும். அது முன்னோ பின்னோ தள்ளியிருந்தால் பத்து ஆண்டு போட்டாலும் சரிவராது. எலும்பு இளகாது என்பதை எந்தத் தோலும் மாற்றிவிட முடியாது.

ஆகவே வாங்கச் செல்லும் பெண்கள் எதைக் கேட்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அளக்கச் சொல்லுங்கள். 1920களில் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் பிரனொக் உருவாக்கிய உலோக அளவுகோல் இன்றும் பல கடைகளின் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. அது பாதத்தின் முழு நீளத்தை மாத்திரமல்ல, குதியிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரையுள்ள நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே காட்டும். நின்றபடி, இரு பாதங்களையும், அணியப்போகும் காலுறையுடன், பிற்பகலில் அளக்க வேண்டும். பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்தியது மாலையில் நெரிக்கும். இரண்டு பாதங்களில் பெரியது எதுவோ அதற்குத்தான் சப்பாத்து.

இரண்டாவது, அகலத்தின் எழுத்தைக் கேளுங்கள். அமெரிக்க அளவுமுறையில் பெண்களின் நடுத்தர அகலம் 'பி', ஆண்களின் நடுத்தரம் 'டி'. ஆண்களுக்கு 'டி', 'ஈஈ' என்று இரண்டு அகலங்களையேனும் அடுக்கி வைக்கும் கடைகள் பல, பெண்களுக்கு 'பி' ஒன்றையே வைத்துவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. 'சி' அல்லது 'டி' அகலம் கேளுங்கள். இல்லையென்றால் ஆண்களின் பகுதியில், உங்கள் இலக்கத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை குறைத்துப் போட்டுப் பாருங்கள். நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி அகலக் குறையைச் சமாளிக்கச் சொல்வார்கள். ஏற்காதீர்கள். அடிமூட்டு இடம் மாறும், குதி கழன்று ஆடும்.

மூன்றாவது, புறங்காலைக் கவனியுங்கள். நாடா இல்லாத இச்சப்பாத்தைப் பாதத்தோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது புறங்காலின் மேல் படியும் தோல் மாத்திரமே. அது உறுதியாகப் பிடிக்க வேண்டும், நசுக்கக் கூடாது. விரல்கள் உள்ளே அசைய வேண்டும். கூரிய முனையுள்ளதாயின் விரல்கள் முடிந்த பின்னரே அந்தக் கூர் தொடங்க வேண்டும். அக்கூர் வெறுமையாகவே இருக்க வேண்டும். புதிய சப்பாத்தில் குதி அங்குலத்தின் கால் பங்களவு மேலெழுவது குற்றமன்று. அடித்தோல் வளையப் பழகியதும் அது குறையும். "சரிவரும்" என்ற வாசகம் உண்மையாவது இந்த ஓரிடத்தில்தான்.

நான்காவது, குதி. உயரம் கூடக்கூட உடலின் பாரம் முன்பாதத்தின் மேல் சரிகிறது. நடக்கும் பெண்ணுக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை போதும். அடியில் ஒடுங்கிச் செல்லும் குதியைவிட அகன்று நேராக நிற்கும் குதியே கணுக்காலைக் காக்கும். தோற்குழாய் கெண்டைக்காலை இறுக்குகிறதா என்பதை நின்று பார்த்தால் போதாது, அமர்ந்தும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, கம்பளத்தைவிட்டு இறங்குங்கள். கடைக்காரர் விரித்திருக்கும் கம்பளத்தில் எந்தச் சப்பாத்தும் மெத்தென்றிருக்கும். வெறுந்தரையில் பத்து நிமிடமாவது நடவுங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். வீட்டிலிருந்தே இன்னொன்றையும் செய்யலாம். வெற்றுக் காகிதத்தின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து எடுத்துச் செல்லுங்கள். அக்கோட்டின் மேல் சப்பாத்தை வையுங்கள். சப்பாத்து கோட்டைவிட ஒடுங்கியிருந்தால் அதனைப் போட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. இணையத்தில் வாங்குவோரும் பெட்டி வந்த அன்றே இதனைச் செய்யலாம்.

தோலின் விலை

இனித் தோல். மேலே மாத்திரம் தோலாக இருந்து, உள்ளே பிளாஸ்டிக் துணி ஒட்டியிருந்தால் கால் வியர்த்து அவியும். உட்புறமும் தோலாக இருப்பதே நன்று. ஐரோப்பாவில் வாழ்வோருக்கு 1994 ஆம் ஆண்டின் பாதணி விவரத்துண்டு விதி உதவுகிறது. மேற்பகுதி, உட்புறம், அடி என்ற மூன்றுக்கும் தனித்தனிக் குறிகள் இருக்கும். விரித்த தோலின் வடிவம் தோலைக் குறிக்கும். அதனுள்ளே ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சிட்ட தோல். வெறும் சாய்சதுரமாயின் அது தோலே அன்று. அடியைச் சுற்றித் தோற்பட்டி வைத்துத் தைத்திருந்தால் தேய்ந்த பின் அடியை மாற்றலாம். வெறுமனே ஒட்டியதாயின் அதற்கு வழி அரிது. கனடாவில் இருப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. வழுவழுப்பான தோலடி பனிக்கட்டியின் மேல் வழுக்கும், வீதியில் தூவும் உப்பு தோலை அரிக்கும். இது பனிக்காலச் சப்பாத்து அன்று.

தோலைப் பற்றிப் பேசும்போது தமிழர்களாகிய நாம் கடந்துபோக முடியாத ஓர் ஊர்வரிசை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை. உலகச் சந்தைக்குத் தோலும் சப்பாத்தும் அனுப்பும் ஊர்கள் இவை. சப்பாத்துத் தைக்கும் தொழிற்சாலைகளில் இருப்போரில் பெருந்தொகையினர் பெண்கள். தோல் பதனிடும் சாலைகளின் கழிவு பாலாற்றையும் அதன் கரை நிலங்களையும் எவ்வாறு கெடுத்தது என்பது 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே இழப்பீடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. உங்கள் பூட்ஸின் தோல் அங்கிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆயினும் எந்தத் தோலுக்கும் எங்கோ ஓர் ஆறும் எவரோ ஒருவரின் கையும் விலை கொடுத்திருக்கும். பொருந்தாத சப்பாத்தை விற்று அலுமாரிக்குள் அனுப்புபவர் அந்த விலையையும் சேர்த்தே வீணாக்குகிறார்.

எழக்கூடிய மறுப்புகள்

"ஆணாகிய உமக்கு இதில் என்ன? அழகுக்காகச் சிறிது வலியைத் தாங்குவது பெண்ணின் விருப்பம்" என்று சிலர் கேட்கக்கூடும். விருப்பத்தை நான் மறுக்கவில்லை. கூரிய முனையையும் பூவேலையையும் நான் பழிக்கவில்லை. சரியான அச்சில் தைத்த கூர்முனைச் சப்பாத்து வலிப்பதில்லை. வலியில்லாத அழகும் செய்ய முடியும் என்பதை மறைத்துவிட்டு, வலியுள்ளதை மாத்திரம் முன்னே வைத்து, "இது உன் விருப்பம்" என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

"அளந்து தைப்பித்துக் கொள்ளலாமே" என்பார் வேறு சிலர். தைப்பிக்கலாம். டெக்சாசில் அத்தகைய கைவினைஞர் இன்றும் உளர். ஆனால் அதற்குக் கொடுக்கும் தொகையும் காத்திருக்கும் காலமும் சம்பளத்தில் வாழும் பெண்ணுக்கு எட்டாதவை. நடுத்தரமல்லாத பாதம் கொண்டவளுக்குச் செல்வமும் இருந்தாக வேண்டும் என்பது நியாயமா?

"கேட்போர் இல்லை, ஆகவே வைப்பதில்லை" என்பது கடைக்காரரின் இறுதி வாதம். கேட்போர் இல்லாமைக்குக் காரணம், தமது கால் பிழை என்று அவர்களை நம்பவைத்ததே. தன்னைக் குறைசொல்லிக்கொள்பவள் எவ்வாறு உரிமை கேட்பாள்?

செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று நம் முன்னோர் பழமொழியாகக் கேட்டு வைத்தனர். அக்கேள்விக்கு இன்றுவரை வணிகம் விடை சொல்லவில்லை. வாங்குவோர்தான் சொல்ல வேண்டும். நெரிக்கும் சப்பாத்தை நீட்டும் விற்பனையாளரிடம் கோபப்பட வேண்டியதில்லை. அவரும் சம்பளத்துக்கு நிற்பவரே. "இந்த அகலம் எனக்குப் பொருந்தாது, அகலமானது வந்தால் அறிவியுங்கள்" என்று சொல்லித் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். அத்தகைய இலக்கங்கள் ஒரு கடையின் மேசையில் இருபது சேருமாயின், இருபத்தோராவது பெண் வரும்போது அங்கு அகலமான சப்பாத்து இருக்கும்.